அடைத்து வைத்த வழி

கணினிகளை இணைக்கும் சுவிட்சுப் பெட்டிகளுக்கிடையே ஒரு கம்பி அறுந்தால் உதவுமென்று மாற்றுக் கம்பியும் இழுத்து வைப்பர். இரண்டும் ஒருங்கே திறந்திருப்பின், எல்லோர்க்கும் விடுத்த செய்தி வட்டமிட்டுப் பெருகி வலையையே முடக்கிவிடும். 1985இல் ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்க அம்மையார் இதற்கு வகுத்த முறையே ஸ்பானிங் ட்ரீ. பெட்டிகள் தம்முள் சிறிய எண்ணுடையதைத் தலைமையாகக் கொண்டு, மிகையான வழியை அடைத்து வைக்கின்றன.

தலைமைப் பெட்டி 2 விநாடிக்கொரு முறை செய்தி விடுக்கும். அது பழுதுற்றுச் செய்தி நின்றால், மற்றவை 20 விநாடி வரை பொறுத்திருந்து புதிய தலைமையைத் தேரும். அடைத்த வழியையும் உடனே திறந்துவிடா. 15 விநாடி செவிமடுத்து, 15 விநாடி முகவரிகளைக் கற்று, பின்னரே திறக்கும். ஆகக்கூடியது 50 விநாடி! லைன் கிளியர் பெறாமல் வண்டி விடாத ஸ்டேஷன் மாஸ்டரின் நிதானம் என்றே ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குத் தோன்றுகிறது. 2001இல் வந்த விரைவு முறையில், அண்டைப் பெட்டியின் இசைவு பெற்றுச் சில விநாடிகளிலேயே வழி திறக்கிறது.

பழைய கணக்கு, ஏழு பெட்டிக்கு மிகாத தொடருக்கே வகுத்தது. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் அவ்வரம்பு மீறப்பட்டிருந்தது. 2002 நவம்பரில் வலை நிலைகுலைய, சில நாட்கள் நோயாளர் குறிப்புகளை மருத்துவர்கள் காகிதத்திலேயே எழுதினர்.