மூன்று எழுத்துக்கு 25 இலட்சம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடைக்குத் திரும்பியபோது என் ராத்தாவின் மகன் எனக்காகக் காத்திருந்தான். கையில் போன். போனில் இரண்டு கார்களின் படங்கள். இரண்டும் சுபாரு இம்ப்ரெஸா. இரண்டும் 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஒன்று சாதாரண டபிள்யூஆர்எக்ஸ். மற்றது அதன் உயர்ரகமான எஸ்டீஐ. இரண்டுக்கும் விலையில் 25 இலட்சம் ரூபாய் வித்தியாசம்.

"மாமா, எதை எடுக்கிறது?" என்றான்.

அவன் புறக்கோட்டையில் சிறிய அளவில் கைத்தொலைபேசிச் சாமான்கள் வியாபாரம் செய்கிறவன். பல வருடங்களாக வீண்செலவு இல்லாமல் சேர்த்த பணம் அது. சின்ன வயதில் கொலின் மெக்ரேயின் நீல நிற சுபாருவை டீவியில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு இந்த ஆசை. ஆசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்தவன் விரும்பியதை வாங்குவதில் என்ன தவறு? ஆனால் எந்த ரகத்தை வாங்குவது என்பது ஆசை தொடர்பான கேள்வி அல்ல. அது கணக்கு.

பஞ்சிகாவத்தையில் முப்பது வருடங்களாக மோட்டார் உதிரிப்பாகம் விற்கிறவன் என்ற முறையில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். யோசிக்காமல் கார் வாங்குகிறவர்தான் எனக்கு நல்ல வாடிக்கையாளர். ஆகவே நான் இங்கு எழுதுவது என் வியாபாரத்துக்குப் பாதகமானது. இருந்தாலும் எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வியை மருமகன் மட்டும் கேட்கவில்லை. இம்மாதிரிக் கார்களை எடுக்க நினைக்கும் இளம் வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள்.

முதலில் அந்த 25 இலட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். ஜப்பான் சந்தைக்குச் செய்யப்பட்ட அந்த வருடத்து டபிள்யூஆர்எக்ஸ் 250 குதிரை வலு. எஸ்டீஐ 280. கடதாசியில் வித்தியாசம் 30தான். ஆனால் அந்த 280 என்ற எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. ஜப்பானியக் கம்பனிகள் 280க்கு மேல் போவதில்லை என்று தமக்குள் ஒரு உடன்பாடு வைத்திருந்த காலம் அது. 2004இல்தான் அது முடிவுக்கு வந்தது. எனவே உண்மையான வித்தியாசம் குதிரை வலுவில் இல்லை, சாமானில் இருக்கிறது. எஸ்டீஐயில் 6 கியர், டபிள்யூஆர்எக்ஸ் மெனுவலில் 5 கியர். அந்த 5 கியர் பொக்ஸ் முரட்டு ஓட்டத்தைத் தாங்காது என்பது கராஜ்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எஸ்டீஐயின் என்ஜின் புளொக் கூடுதல் பலமானது. பிரேக் ப்ரெம்போ. இவை எல்லாம் வெறும் அலங்காரம் அல்ல. காசு பெறுமதியான சாமான்கள். இதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

அடுத்த கேள்வி, இவற்றை எங்கே பாவிக்கப் போகிறோம் என்பது. நமது அதிவேகப் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு டபிள்யூஆர்எக்ஸே மூச்சு வாங்காமல் போகும். காலையில் மருதானையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போகும் நெரிசலில் 250ம் ஒன்றுதான், 280ம் ஒன்றுதான். முச்சக்கர வண்டி முன்னால் போகும், நாம் பின்னால் போவோம்.

பெற்றோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜப்பானில் இந்தக் கார்களுக்கு ஊற்றும் ஹை ஒக்டேன் பெற்றோல் பெரும்பாலும் 98க்கும் 100க்கும் இடைப்பட்டது. நமது நிரப்பு நிலையங்களில் பொதுவாகக் கிடைப்பது 92, 95. இந்த இரண்டு ரகத்துக்கும் 95க்குக் குறைந்து ஊற்றக் கூடாது. அதிக பூஸ்டில் ஓடும் எஸ்டீஐக்கு அதுவும் போதுமா என்பதை விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்த்துச் சீர்செய்ய வேண்டும். இல்லாவிட்டால் என்ஜினில் நொக்கிங் வந்து பிஸ்டனில் போய் முடியும். 2022 ஜூன் மாதக் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், 95 பெற்றோல் 550 ரூபாய் ஆனது. பிறகு கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தது. அந்த நாட்களில் இப்படியான கார்கள் கவர் போட்டு மூடிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். விலைகள் மாறும். ஆனால் அப்படியொரு காலம் நம் நாட்டில் வந்தது என்பதை வியாபாரி மறக்கலாமா?

மருமகன் இன்னொரு நியாயம் சொன்னான். "எஸ்டீஐ விலை இறங்காது மாமா, அதுவும் ஒரு முதலீடுதான்" என்றான். அதில் பாதி உண்மை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஓடாத காரும் விலை ஏறியது. அதைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் கார் என்றால் காணி மாதிரி என்று நினைக்கிறார்கள். விலை நிற்பது உண்மைதான், ஆனால் கம்பனி அமைப்பு மாறாமல், பில்களோடு, கவனமாக வைத்திருந்த எஸ்டீஐக்குத்தான். அப்படிக் காப்பாற்றுவதற்கும் வருடா வருடம் பணம் வேண்டும். அத்தோடு, அவனுடைய கடையில் 25 இலட்சம் வருடத்துக்கு எத்தனை தடவை புரளும்? கராஜில் நிற்கும் காரில் அது ஒரு தடவையும் புரளாது.

"அப்படியென்றால் டபிள்யூஆர்எக்ஸை எடுத்து, பிறகு மெதுமெதுவாக எஸ்டீஐ சாமான் போடுகிறேன்" என்றான். இதைத்தான் நான் பயந்தேன்.

வாசகர்களே, பாவித்த கார் வியாபாரத்தில் மிகப் பெரிய நட்டம் இந்த வழியில்தான் வருகிறது. 6 கியர் பொக்ஸ் போட வேண்டுமானால் அதோடு பின் டிஃபரன்ஷல், புரொப்பெல்லர் ஷாஃப்ட், அக்சல், ஹப் எல்லாம் மாற வேண்டும். ப்ரெம்போ பிரேக் போட்டால் அதற்கு இடம் கொடுக்கும் ரிம் வேண்டும். அதிலும் 2004 நடுப்பகுதிக்குப் பிந்திய எஸ்டீஐயின் போல்ட் அளவு வேறு. பழைய ரிம் அதற்கு ஏறாது. எல்லாம் போட்டு முடிக்கும்போது விலை வித்தியாசத்தைத் தாண்டிச் செலவாகியிருக்கும். விற்கப் போனால் வாங்குகிறவர் அதை டபிள்யூஆர்எக்ஸ் என்றுதான் விலை கேட்பார். என்ஜினை மாற்றியிருந்தால் பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தோடு அது ஒத்துப்போக வேண்டும் என்ற பிரச்சினை வேறு. என் கடையில் இப்படிச் சாமான் வாங்கிய ஒரு தம்பி, இரண்டு வருடம் கழித்து அதே சாமான்களை என்னிடமே அரைவிலைக்கு விற்றுவிட்டுப் போனார். எனக்கு இரண்டு தடவையும் இலாபம். அவருக்கு இரண்டு தடவையும் நட்டம். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரிந்த கராஜ் பாஸையும் கூட்டிக்கொண்டு இரண்டு கார்களையும் பார்க்கப் போனோம். முதலில் எஸ்டீஐ. சேஸிஸ் இலக்கத்தைப் பார்த்தேன். இந்தத் தலைமுறை ஜப்பான் காரில் அது ஜீடிபி என்று தொடங்கினால் எஸ்டீஐ. ஜீடிஏ என்று தொடங்கினால், பின்னால் எத்தனை பெட்ஜ் ஒட்டியிருந்தாலும் அது டபிள்யூஆர்எக்ஸ்தான். இது உண்மையான ஜீடிபி. ஓட்டிப் பார்த்தோம். மறைக்காமல் சொல்கிறேன், இந்த வயதிலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டதற்கு உரிமையாளரிடம் பதில் இல்லை. 100,000 கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டிய பெல்ட் அது. அறுந்தால் என்ஜினே போய்விடும். கொம்ப்ரஷன் பார்க்கலாமா என்று பாஸ் கேட்டார். அவர் சம்மதிக்கவில்லை. டபிள்யூஆர்எக்ஸ்காரர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து எல்லா பில்களையும் மேசையில் வைத்தார். கொம்ப்ரஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

திரும்பி வரும் வழியில் மருமகனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பாவித்த காரில் நாம் வாங்குவது கம்பனி செய்த காரை மட்டுமல்ல, முன்பு வைத்திருந்தவர் அதைப் பாவித்த விதத்தையும் சேர்த்துத்தான். உயர்ரகக் காரை வாங்குகிறவர்களில் பலர் அதை உச்சத்துக்கு ஓட்டத்தான் வாங்குகிறார்கள். தேய்ந்த எஸ்டீஐயை விட நன்றாகப் பார்த்த டபிள்யூஆர்எக்ஸ் மேல்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் உண்மையாகவே ரேஸ் ஓட்டப் போகிறவராக இருந்தால், அல்லது டபிள்யூஆர்எக்ஸை வாங்கிவிட்டு ஒவ்வொரு நாளும் எஸ்டீஐயை நினைத்து ஏங்குவீர்கள் என்றால், முதலிலேயே எஸ்டீஐயை எடுங்கள். ஆனால் காரின் விலையைக் கொடுத்த பிறகும் ஒரு என்ஜின் திருத்தத்துக்கான பணம், வியாபார முதலைத் தொடாமல், உங்கள் கையில் தனியாக மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்தக் கார் உங்களுடையது அல்ல. நீங்கள்தான் அதனுடையவர்.

மருமகன் டபிள்யூஆர்எக்ஸை எடுத்தான். மிஞ்சிய 25 இலட்சத்தில் 5 இலட்சத்தைக் காருக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியைக் கடைக்குச் சரக்காக்கினான். போன வாரம் கடைக்கு வந்தவன், கண்ணாடி அலுமாரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, "மாமா, அந்த எஸ்டீஐ பெட்ஜ் என்ன விலை?" என்று கேட்டான்.

இருக்கிறது, ஆனால் உனக்கு விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைக்கு வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பியதில் எனக்குச் சந்தோஷம் தந்த வியாபாரம் அது ஒன்றுதான்.