வாயை மட்டும் அசை!

போன மாதம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். இது ஒரு பள்ளியின் வியாதி அல்ல. மேடையில் நாற்பது குழந்தைகள். பட்டுப்பாவாடை, ஜிப்பா, நெற்றியில் சந்தனம். தமிழ்த்தாய் வாழ்த்து என்று அறிவித்தார்கள். எழுந்து நின்றோம். ஸ்பீக்கரில் கணீரென்று பாட்டு. துளி அபஸ்வரம் இல்லை. அடடா என்று நான் நினைத்த நேரத்தில், 'டப்'பென்று பென்டிரைவ் நின்றது. நாற்பது வாயும் அசைந்துகொண்டே இருக்கின்றன. சத்தம்தான் இல்லை!

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாம் வகுப்பில், குரல் உடையத் தொடங்கிய பருவத்தில், பாட்டு டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ பாடாதே. பின்வரிசையில நின்னு வாயை மட்டும் அசை, போதும்." அன்றைக்கு மூடிய வாய். இன்றுவரை குளியலறையில்கூடத் திறந்ததில்லை. அப்போது ஒரு பையனுக்குச் சொன்னதை, இப்போது மொத்தக் குழுவுக்கும் சொல்கிறோம். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

2021 டிசம்பரில் தமிழக அரசு இந்தப் பாட்டை மாநிலப் பாடலாக அறிவித்தது. அந்த ஆணையிலேயே தெளிவாக இருக்கிறது: ஒலித்தட்டைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும். எவ்வளவு நேரம்? 55 விநாடி. நம் பிள்ளைகளை நம்பி 55 விநாடி மைக்கைக் கொடுக்க மாட்டோமா?

"தப்பு வந்துடுமே சார்?" என்பார்கள். வரும். 2024 அக்டோபரில் சென்னை தூர்தர்ஷன் விழாவில், கவர்னர் முன்னிலையில் பாடியபோது ஒரு வரியே விடுபட்டுப்போனது. ஊரே கொதித்தது. தூர்தர்ஷன் மன்னிப்புக் கேட்டது. பெரியவர்களுக்கே இந்தக் கதி. அதற்கு மருந்து பயிற்சிதானே ஒழிய, பென்டிரைவ் அல்ல.

பயிற்சி கொடுக்க ஆள் எங்கே என்பது நியாயமான கேள்வி. 2012-ல் ஓவியம், உடற்பயிற்சி, இசை, தையல் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் போட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். அப்போது மாதம் 5,000 ரூபாய். அந்தக் காசுக்கு அந்த நேரத்தில் எத்தனை தொண்டையைத்தான் திருத்துவது?

சரியாகப் பார்த்தால், ரெக்கார்டிங் உதவ வேண்டியது இங்கேதான். நான் பி.காம். எங்களுக்கு முதல் பாடமே, சொத்து வேறு, செலவு வேறு. பல வருஷம் உழைக்க வேண்டிய கருவியை ஒரே நாள் விழாச் செலவாக எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? ரெக்கார்டர் இருக்க வேண்டிய இடம் ஒத்திகை அறை. அதை மேடைக்கு ஏற்றிவிட்டு, பிள்ளைகளை பொம்மையாக்கிவிட்டோம்.

செலவே கிடையாதுங்க. டீச்சர் கையில் இருக்கும் செல்போன் போதும். டீச்சரே வரி வரியாக, பிள்ளைகளுக்கு எட்டுகிற சுருதியில் பாடிப் பதிவு செய்யட்டும். ஸ்டுடியோவில் பெரியவர்கள் பாடியதைப் போட்டால் சின்னத் தொண்டைக்கு எட்டாமல் போகலாம். இரண்டு குரலாகப் பிரித்துப் பாடும் பாட்டென்றால் ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒரு குரலை ஓடவிட்டு, மற்றதை இவர்கள் பாடலாம். டீச்சர் வராத நாளிலும் பயிற்சி நடக்கும்.

அடுத்து, ஒத்திகையைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். 'அய்யய்யே, இது என் குரலா?' என்று முகம் சுளிப்பார்கள். நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறது. ரெக்கார்டிங்கில் அந்த எலும்புச் சத்தம் கிடையாது. அதனால்தான் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வெட்கம் போய்விடும். போனைக் கத்திப் பாடும் பையன் முன்னால் வைக்காமல், நாலு அடி தள்ளி வையுங்கள். எல்லோரும் சேர்ந்து எப்படிக் கேட்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தப் பதிவை வைத்து 'இது யார் கத்தினது?' என்று குற்றவாளியைத் தேடாதீர்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு மானத்தை வாங்காதீர்கள். அதற்கு, 'வாயை மட்டும் அசை' என்பதே மேல்.

மெட்ராஸ் யூத் காயரை உருவாக்கிய எம்.பி.சீனிவாசன் சினிமாவுக்கு இசையமைத்தவர். அவர் நினைத்திருந்தால் நாலு நல்ல குரலை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு பிழைத்திருக்கலாம். கூட்டமாகப் பாடுவதைத்தான் தூக்கிப் பிடித்தார். சேர்ந்திசையின் நியாயமே அதுதானே! தனியாகப் பாடக் கூச்சப்படுகிறவனும் பக்கத்துத் தோளின் தைரியத்தில் பாடிவிடுவான்.

தலைமையாசிரியர்களே, அடுத்த ஆண்டு விழாவில் பென்டிரைவை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். சுருதி கொஞ்சம் விலகட்டும், பரவாயில்லை. எழுந்து நிற்கிற நாங்கள் ஸ்டுடியோவைக் கேட்க வரவில்லை. எங்கள் பிள்ளையைக் கேட்க வந்திருக்கிறோம்.