மூடிய காருக்கே என் ஓட்டு!

(மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



பேரவைத் தேர்தல் வந்தால்தான் ஓட்டுக் கேட்க வேண்டும் என்று சட்டமா என்ன? நம் பிரிவில் வருடம் முழுக்க ஓயாமல் நடக்கும் ஒரு தேர்தல் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்று வாங்கினால் கூரையைத் திறந்து மூடும் கன்வர்டிபிளா, நிரந்தரக் கூரை போட்ட கூப்பேயா? கேன்டீனில் டீ ஆறிவிடும், வாதம் மட்டும் ஆறாது. 29சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்கு இந்தக் கவலை எதற்கு என்று மற்ற பிரிவு நண்பர்கள் கேலி செய்வது என் காதில் விழுகிறது. அதற்கும் பதில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஓட்டு மூடிய காருக்கு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எதிர்க்கட்சிக்கும் மரியாதை

திறந்த காரின் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போது தலைக்கு மேலே ஆகாயம், இடது பக்கம் கடல், முகத்தில் உப்புக் காற்று. இதை எந்தக் கூப்பேயும் கொடுக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டிலேயே பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்தாலும் இந்த இரண்டு கட்சியும் உண்டு. 1998-ல் வந்த 'சான் ஸ்டார்ம்' திறந்த கட்சி. இரண்டே சீட், ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி இன்ஜின். 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்ட 'டிசி அவந்தி' மூடிய கட்சி. இரண்டுமே இன்று உற்பத்தியில் இல்லை. ஆனால் நம் ஹாஸ்டல் சுவரில் இரண்டுக்கும் இன்னும் இடம் இருக்கிறது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் டிப்ளமோ படிக்கிறவன் ஆசையோடு நின்றுவிடக் கூடாது, அடியில் குனிந்தும் பார்க்க வேண்டும்.

மூடி இல்லாத ஷூ டப்பா

ஒரு சின்னச் சோதனை. வீட்டில் கிடக்கும் அட்டை ஷூ டப்பாவை எடுத்து, மூடியைச் சுற்றிலும் செலோ டேப் ஒட்டி, இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். சுலபத்தில் அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். கோணிக்கொண்டு போகும். கூரை என்பது வெயிலுக்குப் பிடிக்கிற குடை இல்லை, வண்டியின் எலும்பில் ஒரு பாகம் என்பது இப்போது புரியும்.

அட்டை டப்பாவை நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாம் லேபில் டார்ஷன் டெஸ்ட் செய்தவர்கள்தானே! சராசரி விட்டம் 50 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 2 மில்லிமீட்டர் உள்ள ஒரு பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பைப்பை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்த மாதிரி அறுத்துவிடுங்கள். எடை அப்படியே இருக்கும். ஆனால் முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு? ஆரத்தைக் கனத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 3-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 470 வரும். அறுத்த பைப்பின் விறைப்பு, அறுக்காத பைப்பில் 470-ல் ஒரு பங்குதான். கார் பாடி இத்தனை எளிய பைப் இல்லைதான். ஆனாலும் தத்துவம் இதுதான்.

ஆகவே மோனோகாக் காரில் கூரையை எடுத்தால், கம்பெனிக்காரன் அந்த நஷ்டத்தை வேறு இடத்தில் ஈடுகட்டியாக வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியைக் கனமாக்குவான். தரையில் க்ராஸ் மெம்பர் சேர்ப்பான். முன் கண்ணாடிச் சட்டத்துக்குள் தடித்த குழாய் வைப்பான். கூரையை மடக்க மோட்டாரும் கீல்களும் வேறு. விளைவு என்ன? கூரை இல்லாத கார், பெரும்பாலும் கூரை உள்ள காரைவிட எடை கூடிவிடுகிறது! பணத்தையும் கூடக் கொடுத்து, எடையையும் கூட இழுத்துக்கொண்டு போகும் வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று எப்படி ஐயா சொல்வது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'கூப்பே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'வெட்டப்பட்டது' என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில் பெரிய வண்டியைக் குறுக்கி வெட்டிய மாதிரி செய்ததால் வந்த பெயர். வெட்டப்பட்டது என்று பெயர் வாங்கியது கூப்பே. உண்மையில் வெட்டு வாங்குவது கன்வர்டிபிள்!

ஹெரால்டு சொல்லும் பாடம்

"அப்படியானால் திறந்த கார் செய்யவே கூடாதா?" என்று கேட்பீர்கள். செய்யலாம். எப்படிச் செய்வது என்பதை நம் மெட்ராஸ் வண்டி ஒன்றே சொல்லிக்கொடுக்கிறது.

1959-ல் இங்கிலாந்தில் வந்தது ட்ரையம்ஃப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியரான மிகெலோட்டி. அந்த நேரத்தில் மற்றவர்கள் மோனோகாக் பக்கம் போய்க்கொண்டிருக்க, ஹெரால்டு மட்டும் தனி சேஸிஸோடு வந்தது. காரணம் வினோதமானது. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953-ல் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, சேஸிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையும் அப்படியே, போல்ட்டில் உட்கார்ந்த தனித் துண்டு!

அதனால் ஒரே சேஸிஸின் மேல் சலூன், கூப்பே, கன்வர்டிபிள், எஸ்டேட் என்று நான்கு விதமான கார்களை அவர்களால் கொடுக்க முடிந்தது. முறுக்கத்தின் பெரும்பகுதியைச் சேஸிஸ் வாங்கிக்கொண்டதால் கூரை போனாலும் குடி முழுகவில்லை. இதே கார்தான் 1961 முதல் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் நம் கைகளால் உருவானது. 948 சிசி இன்ஜின், முன்பக்கம் முழுவதும் வாயைப் பிளந்த மாதிரி திறக்கும் பானெட். மயிலாப்பூர் மாட வீதிகளில் அதை ஒரே மூச்சில் திருப்பலாம் என்று பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதன் திருப்பு வட்டம் 25 அடிதான்! தொழிற்சாலை 1988-ல் நின்றுபோனது. பாடம் நிற்கவில்லை.

பாடம் இதுதான்: கூரை இல்லாத கார் வேண்டுமென்றால் அதை முதல் கோட்டிலேயே, டிராயிங் போர்டிலேயே முடிவு செய்ய வேண்டும். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 அப்படித் திறந்த காராகவே பிறந்தது. நம் ஊர் மாருதி ஜிப்ஸி சாஃப்ட் டாப், ஹார்டு டாப் இரண்டிலும் வந்ததும், 2020-ல் வந்த மஹிந்திரா தார் இரண்டு விதக் கூரையோடும் வந்ததும் அடியில் தனி சேஸிஸ் இருந்ததால்தான்.

நம்ம ஊர் வெயிலும் மழையும்

சரி, நன்றாகச் செய்த கன்வர்டிபிள் என்றே வைத்துக்கொள்வோம. சென்னையில் அதைத் திறந்து ஓட்ட எத்தனை நாள் கிடைக்கும்?

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அக்னி நட்சத்திரத்தில் பனகல் பார்க் சிக்னலில், மேலே ஒன்றும் இல்லாமல், முன்னால் ஒரு பஸ்ஸின் புகையோடு நின்று பாருங்கள். ஆகாயம் அழகாக இருக்காது. கூரையை மூடினாலும் கேன்வாஸ் கேன்வாஸ்தான். தகட்டுக் கூரை அளவுக்குச் சூட்டைத் தடுப்பதில்லை, ஏசிக்குத்தான் வேலை கூடும்.

வெயில் போனால் வடகிழக்குப் பருவமழை. வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்ததை மறக்க முடியுமா? 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சாய்ந்த மரங்களின் அடியில் கிடந்த கார்களை நினைத்துப் பாருங்கள். கேன்வாஸுக்கும் தகடுக்கும் உள்ள வித்தியாசம் யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

இன்னும் ஒன்று, கடல். பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் நிறுத்தும் வண்டியின் கீல், ஸ்க்ரூ, மடக்குக் கம்பி எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்னும். கன்வர்டிபிளில் இந்தச் சாமான்கள்தான் அதிகம். தையல் விட்டுப்போன கூரையை எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நடக்க வேண்டியதுதான். தி.நகரில் தீபாவளி வாரத்தில் நிறுத்திவிட்டுத் துணி வாங்கப் போனால், கேன்வாஸைக் கிழிக்க ஒரு பிளேடு போதும் என்ற பயமும் கூடவே வரும்.

தலைக்கு மேலே ஒரு கம்பி

"ரேஸ் காரெல்லாம் திறந்துதானே இருக்கு மச்சி?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பழைய பந்தயங்கள் முதல், 1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை டிராக் வரை, கோவை கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி வண்டிகள் உட்பட, திறந்த கார்கள் ஓடியிருக்கின்றன. ஆனால் ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னால் ஒரு உருள்வளையம் இருக்கும், ஹெல்மெட் இருக்கும், உடம்பைக் கட்டிப்போடும் பெல்ட் இருக்கும்.

அதுவும் போதாது என்றுதான் 2018-ல் ஃபார்முலா ஒன் கார்களில் ஓட்டுநர் தலையைச் சுற்றி 'ஹேலோ' என்ற டைட்டானியம் வளையத்தைக் கட்டாயமாக்கினார்கள். அழகு போச்சு என்று பலர் முகம் சுளித்தார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து தீப்பிடித்தபோது, அந்த வளையம் இருந்ததால் அவர் உயிரோடு வெளியே வந்தார். முகச்சுளிப்பு அதோடு அடங்கிற்று.

சாலைக் கார்களிலும் இதே கதைதான். அமெரிக்கா திறந்த கார்களைத் தடை செய்துவிடுமோ என்ற அச்சம் இருந்த காலத்தில், 1965-ல் போர்ஷே நடுவில் நிரந்தர வளையத்தோடு 'டார்கா' காரைக் காட்டியது. திறந்த கட்சியும் மூடிய கட்சியும் செய்துகொண்ட சமரசம் அது.

"நமக்கு எதுக்குடா இதெல்லாம்?"

இப்போது அந்த 29சி கேள்விக்கு வருகிறேன். நாம் வாங்கப் போவதில்லை, சரி. ஆனால் வண்டி யார் கைக்கு வரும்? நம் கைக்குத்தான்!

விடுமுறையில் நான் வேலை கற்றுக்கொண்ட ஷெட்டுக்கு ஒருவர் பழைய சின்னக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். "கூரையை எடுத்துடுங்க, கல்யாண ஊர்வலத்துக்கு விடணும்" என்றார். பெரிய மெக்கானிக் அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். முதலாளி கேட்கவில்லை, கேஸ் கட்டரைக் கொடுத்தார். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. அடுத்த நாள் வண்டியை ஜாக்கியில் ஏற்றியதும் கதவு பிடித்துக்கொண்டது, திறக்கவே இல்லை! நடுவில் வண்டி வளைந்திருந்தது. அடியில் இரண்டு ஆங்கிள் அயர்னை வெல்டிங் அடித்து அனுப்பிவிட்டார்கள். அந்த வண்டியில் மாப்பிள்ளை பெண் மட்டுமல்ல, சின்னக் குழந்தைகளும் ஏறியிருப்பார்கள்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் கட்டரைப் பிடித்திருக்கிறவனிடம் சட்டப் புத்தகம் இருக்காது. அவனிடம் இருக்க வேண்டியது, 'இந்தத் தகடு எதைத் தாங்குகிறது?' என்று கேட்கும் புத்தி. அதைத்தான் நாம் மூன்று வருடம் படிக்கிறோம். பத்தாவதோடு ஷெட்டுக்குப் போன தம்பிக்கும் நமக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம். இந்தக் கேள்வியில் வித்தியாசம் இருந்தே ஆக வேண்டும்.

"நீ செய்யலேன்னா பக்கத்து ஷெட்டுக்காரன் செய்வான்" என்பார்கள். செய்யட்டும். மறுக்கிற ஷெட் ஒவ்வொன்றாகக் கூடினால், வெட்டுகிற ஷெட் குறையத்தானே வேண்டும்?

என் தீர்ப்பு

ஆகவே நண்பர்களே, சென்னையில் தினமும் ஓட்டக் கார் என்றால் கூப்பேதான். எடை குறைவு, விறைப்பு அதிகம், வெயில் மழைக்குப் பயமில்லை, தலைக்கும் காவல். கன்வர்டிபிள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், திறந்த காராகவே பிறந்த வண்டியாகப் பார்த்து வாங்கட்டும். மூடிப் பிறந்த காரை வெட்டித் திறக்கிற வேலைக்கு மட்டும் நம் கல்லூரியிலிருந்து ஒரு கையும் போகக் கூடாது. பேரவை உறுப்பினர்கள் இதை ஒரு தீர்மானமாகவே எடுத்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

எதிர்க்கட்சி நண்பர்கள் அடுத்த ஆண்டு மலரில் பதில் எழுதலாம். எழுதும் முன் அந்த ஷூ டப்பாவை மட்டும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்!