மூச்சின் கணக்கு யாருக்குச் சொந்தம்?

மும்பையின் கிழக்கு விளிம்பில் உள்ள தேவ்நார் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள குப்பைக் கிடங்குதான். 1927 முதல் மாநகரத்தின் கழிவைச் சுமந்துவரும் அக்கிடங்கு 2016 ஜனவரி இறுதியில் தீப்பற்றி எரிந்தபோது எழுந்த புகை, செயற்கைக்கோள் படங்களிலும் பதிவானது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் மூடப்பட்டன. அப்பகுதி மக்கள் சுவாசிக்கும் காற்றின் தரம் தேசிய அளவில் பேசப்படும் பொருளாயிற்று. இன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் தேவ்நாரின் காற்றுத் தர அளவை எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அதே தேவ்நாரில் ஒரு குடியிருப்பில், தூக்கத்தில் மூச்சுத்தடை நோய்க்காக இரவெல்லாம் முகமூடி அணிந்து படுத்திருப்பவரின் நிலை வேறு. தலைமாட்டில் இருக்கும் 'சிபேப்' கருவி அவருடைய ஒவ்வொரு மூச்சையும் அளந்து பதிவு செய்கிறது. அந்தப் பதிவு முழுவதையும் தம் வீட்டுக் கணினியில் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினால், அதற்குச் சட்டபூர்வமான உரிமை எதுவும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. ஊரின் காற்று பற்றிய கணக்கு பொதுவெளியில் கிடைக்கிறது. தன் மூச்சைப் பற்றிய கணக்கு தனக்கே முழுமையாகக் கிடைப்பதில்லை என்பது விந்தையல்லவா?

இது ஏதோ சிலருடைய சொந்தப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே இந்நோய். ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு உடலை விழிக்கச் செய்கிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. ஒரு மணி நேரத்தில் 5 முறைக்கும் குறைவாக இது நிகழ்ந்தால் இயல்பு எனவும், 30 முறைக்கு மேல் நிகழ்ந்தால் கடுமை எனவும் மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, பக்கவாதம், வாகனம் ஓட்டும்போது கண்ணயர்தல் எனப் பல ஆபத்துகள் இதனுடன் பிணைந்துள்ளன. இந்தியாவில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இப்பாதிப்பு இருக்கக்கூடும் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. திரை இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, இந்த மூச்சுத்தடை நோயையே மருத்துவர்கள் காரணமாகக் குறிப்பிட்டனர்.

இந்நோய்க்குத் தொடர் காற்றழுத்தம் மூலம் சிகிச்சையளிக்கும் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் உலகுக்கு அறிவித்தார். மூச்சுப்பாதை மூடிக்கொள்ளாதபடி, முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவதே அம்முறை. அன்றைய கருவி இரைச்சலிடும் ஒரு காற்றுவிசிறிதான். இன்றைய கருவியோ ஒரு சிறு கணினி. எத்தனை மணி நேரம் பயன்படுத்தப்பட்டது, எத்தனை முறை மூச்சு நின்றது, முகமூடியின் ஓரத்தில் எவ்வளவு காற்று கசிந்தது, அழுத்தம் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என அனைத்தையும் குறித்துக்கொள்கிறது. பல கருவிகளில் இவை ஒரு சிறிய நினைவக அட்டையில் சேமிக்கப்படுகின்றன. புதிய கருவிகள் பலவும் செல்பேசி அலைவரிசை வழியாகவே உற்பத்தி நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு இவற்றை அனுப்பிவிடுகின்றன.

நோயாளிக்குக் கிடைப்பது என்ன? கருவியின் சிறு திரையிலோ, செல்பேசியிலோ ஒரு சில எண்கள். 'நேற்றிரவு நன்று' என்று ஒரு மதிப்பெண். பின்னிரவு மூன்று மணிக்கு மூச்சுத்தடை ஏன் அதிகரித்தது, அது உண்மையான அடைப்பா அல்லது முகமூடி நழுவியதால் ஏற்பட்ட கசிவா என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது. சிகிச்சை பலிக்கிறதா, இல்லையா என்பதற்கான விடை அந்த விவரத்தில்தான் இருக்கிறது. முகமூடியின் அளவை மாற்றினாலே தீரக்கூடிய சங்கடம் காரணமாகக் கருவியையே மூலையில் போட்டுவிடுபவர்கள் உலகெங்கும் ஏராளம்.

இந்த இடைவெளியை நிரப்பியவை அரசுகளும் அல்ல, நிறுவனங்களும் அல்ல. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் வாட்கின்ஸ் என்ற மென்பொருளாளர், நினைவக அட்டையில் உள்ள பதிவுகளை வீட்டுக் கணினியில் வரைபடங்களாகக் காட்டும் 'ஸ்லீப்பிஹெட்' என்ற இலவச மென்பொருளை உருவாக்கினார். 2019-இல் அவர் அப்பணியைக் கைவிட்டபோது, தன்னார்வலர்கள் அதே மூலநிரலைக் கொண்டு 'ஆஸ்கார்' என்ற மென்பொருளை வளர்த்தெடுத்தனர். அட்டையின் பக்கவாட்டில் உள்ள பூட்டுத் தாழ்ப்பாளை நகர்த்தி, கணினி அதில் எதையும் எழுதிவிடாதபடி செய்துவிட்டு, அட்டையைச் செருகினால் போதும்; இரவு முழுவதும் விட்ட மூச்சு அலை அலையாகத் திரையில் விரிகிறது. தகவல் அவரவர் கணினியை விட்டு வெளியே செல்வதும் இல்லை.

ஆனால், இந்த வசதி நிறுவனங்களின் தயவில்தான் நீடிக்கிறது. சில கருவிகளில் பதிவுகள் மறையீடு செய்யப்பட்டுப் பூட்டப்படுகின்றன. பயணத்துக்கான சிறிய கருவிகள் சிலவற்றில் அட்டை செருகும் இடமே கிடையாது. நாளை எல்லாக் கருவிகளும் இவ்வாறு ஆகிவிட்டால் தடுக்க யாரால் முடியும்?

'நோயாளி தாமே பார்த்துவிட்டு அழுத்தத்தை மாற்றிக்கொள்வார்; அது ஆபத்து' என்பது மறுதரப்பு வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மருத்துவரைக் கேளாமல் அழுத்தத்தை மாற்றுவது தவறுதான். ஆனால், பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. சர்க்கரை நோயாளி வீட்டிலேயே ரத்தச் சர்க்கரையை அளந்து ஏட்டில் குறித்துவைப்பதை எந்த மருத்துவரும் தடுப்பதில்லை. அந்த ஏட்டைக் கொண்டுவரச் சொல்லித்தான் கேட்கிறார். ரத்த அழுத்தத்துக்கும் அப்படியே. மூச்சுக்கு மட்டும் வேறு நீதி எதற்கு?

நிறுவனத்தின் கையில் மட்டும் தகவல் இருப்பதன் விளைவை வெளிநாடுகள் கண்டுவிட்டன. அமெரிக்காவில் இக்கருவிகள் அனுப்பும் பதிவுகளைக் கொண்டு, குறிப்பிட்ட மணி நேரம் பயன்படுத்தாதவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தது 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தமக்கு முழுமையாகக் காட்டப்படாத பதிவு, தமக்கு எதிரான சாட்சியாக மாறியதை நோயாளிகள் அப்போதுதான் உணர்ந்தனர். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், இரைச்சலைக் குறைக்க உள்ளே வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்று கூறிப் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற நேரிட்டது. ஒரே நிறுவனத்தின் கருவியையும், அதன் சேமிப்பகத்தையும் மட்டுமே நம்பியிருப்பவர் வேறு கருவிக்கு மாறும்போது, தம் பழைய பதிவுகளை எப்படி எடுத்துச் செல்வார்?

உலக நாடுகள் இதற்கு விடை தேடத் தொடங்கிவிட்டன. தம் உடலுக்குள் பொருத்தப்பட்ட இதயக் கருவியின் தகவலைக் கேட்டு ஹ்யூகோ காம்போஸ் என்ற நோயாளி நடத்திய இயக்கத்தின் தொடர்ச்சியாக, மருத்துவக் கருவியின் பூட்டைத் திறந்து தம் தகவலை எடுத்துக்கொள்ள அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2015-இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2021-இல் அது உடலுக்கு வெளியே உள்ள கருவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் தனிநபர் தகவலைக் கணினி படிக்கும் வடிவில் பெற்று வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை உண்டு. இணையத்துடன் இணைந்த கருவிகள் உருவாக்கும் தகவல், பயன்படுத்துபவருக்குக் கிடைக்க வேண்டும் என்ற தனிச் சட்டமும் 2025 செப்டம்பர் முதல் அங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது.

நம் நாடாளுமன்றம் என்ன செய்தது? தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் வரைவு தந்தது. 2019 டிசம்பரில் அறிமுகமான மசோதாவின் 19-வது பிரிவு, தனிநபர் தம் தகவலைக் கணினி படிக்கும் வடிவில் பெறும் உரிமையைத் தெளிவாகவே வழங்கியது. உடல்நலத் தகவலைக் கூருணர்வு மிக்க தகவல் என அம்மசோதா தனியே வகைப்படுத்தவும் செய்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஈராண்டுகள் ஆராய்ந்து 2021 டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2022 ஆகஸ்டில் அரசு அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதற்கு மாற்றாக வந்த மசோதா, 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையில், மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இரு நாள்களில் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. அந்தச் சட்டத்தில் எடுத்துச் செல்லும் உரிமையும் இல்லை. உடல்நலத் தகவலுக்கான தனி வகைப்பாடும் இல்லை. 11-வது பிரிவின்படி தனிநபர் பெறக்கூடியது, தம் தகவலின் 'சுருக்கம்' மட்டுமே. ஆயிரக்கணக்கான மூச்சுகளின் சுருக்கம் என்பது, மேலே சொன்ன அதே மதிப்பெண்தான். அந்த உரிமைகூட, 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். ஒருபுறம் முழக்கம், மறுபுறம் அவசரம். இரண்டுக்கும் இடையே குடிமகனின் ஓர் உரிமை சத்தமில்லாமல் நழுவியதை அவையில் விவாதிக்க எவருக்கும் நேரமில்லாமற் போயிற்று. இதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்குமே பங்குண்டு.

இத்தனைக்கும் கொள்கை அளவில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. மின்னணு மருத்துவ ஆவணத்தில் உள்ள தகவலுக்கு உரிமையாளர் நோயாளியே. மருத்துவமனை அதன் காப்பாளர் மட்டுமே என்று 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தரவரையறை கூறுகிறது. மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும் இந்த நெறி, படுக்கையறைக்குள் வந்துவிட்ட கருவியைத் தயாரிப்பவரைக் கட்டுப்படுத்தவில்லை. அதுதான் ஓட்டை.

இதை அடைக்கப் பெரும் செலவோ, புதிய ஆணையமோ தேவையில்லை. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன. இந்தியாவில் விற்கப்படும் கருவி, நோயாளியின் பதிவுகள் முழுவதையும் பொதுவான, பூட்டப்படாத வடிவில் அவருக்கே தர வேண்டும் என்று உரிம நிபந்தனையில் சேர்க்கலாம். 2019 மசோதாவின் 19-வது பிரிவை ஒரு திருத்தத்தின் மூலம் மீட்டெடுக்கலாம். இவ்விரண்டுக்கும் காலமாகும் என்றால், உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. மத்திய அரசு சுகாதாரத் திட்டப் பயனாளிகளுக்கு இக்கருவிக்கான செலவை அரசு ஈடுசெய்கிறது. பதிவுகளைத் திறந்த வடிவில் தராத கருவிக்குப் பொதுப்பணம் கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால், சந்தை தானே வழிக்கு வரும்.

அதனால் பயன்பெறுபவர்கள் அரசு ஊழியர்கள் மட்டும் அல்லர். தேவ்நாரை அடுத்த அணுசக்தி நகரில் வசிப்பவர்களுக்குத் துறையின் மருத்துவத் திட்டம் உண்டு. அருகிலேயே, 1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் வாழும் சீத்தா கேம்ப்பில், பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள இக்கருவியைக் கடன்பட்டுத்தான் வாங்க வேண்டும். கடன்பட்டு வாங்கிய கருவி பலன் தருகிறதா என்று தெரிந்துகொள்ளும் வழி அவர்களுக்குத்தான் மிக அவசியம். ஒவ்வொரு முறையும் நிபுணரைப் பார்க்கக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் அவர்கள்தான்.

மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் பயனாளிகளில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அடக்கம். இரு அவைகளிலும் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கின்றனர். இந்நோய் பரவியிருக்கும் அளவைப் பார்த்தால், அவர்களில் சிலராவது இரவில் முகமூடி அணிபவர்களாகவே இருப்பர். வரும் கூட்டத்தொடரில் அவர்களில் ஒருவர் சுகாதார அமைச்சரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: என் மூச்சின் கணக்கை எனக்குக் காட்ட மறுக்க, கருவி விற்றவருக்கு அதிகாரம் கொடுத்தது யார்?