ஆஸ்பத்திரியை நடத்துவது யார்?

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முப்பது வருஷமாகத் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு மிதித்த மிதியில் முழங்கால் தேய்ந்துவிட்டது. இடுப்பு வலி வேறு.

காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சீட்டு வாங்க ஒரு கியூ. டாக்டரைப் பார்க்க ஒரு கியூ. மாத்திரைக்கு இன்னொரு கியூ. வீடு திரும்பும்போது உச்சி வெயில். அன்றைக்குத் தறி ஓடவில்லை.

அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை முடிந்தால்தான் கூலி. "ஆஸ்பத்திரி இலவசம்தாங்க, ஆனா நமக்கு ஒரு நாள் போச்சே" என்று அவர் சொன்னால் அதில் தப்பு என்ன?

கோபம் யார் மேல் வருகிறது? கண்ணில் படுகிற நர்சு மேல். சீட்டு எழுதுகிறவர் மேல். கடைசியில் டாக்டர் மேல்.

கண்ணில் படாத ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஆஸ்பத்திரியை நடத்துகிறவர். அவர் யார்? அவர் கையில் என்ன இருக்கிறது? யாரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

டாக்டரா, மானேஜரா?

தாலுகா ஆஸ்பத்திரியை நடத்துவது அங்குள்ள தலைமை டாக்டர். அவரும் மற்றவர்களைப் போல உடம்பைப் படித்துவிட்டு வந்தவர்தான். குடல்வாலை எப்படி எடுப்பது என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா, தண்ணீர் மோட்டார் ஏன் ஓடவில்லை, இரவு டியூட்டி நர்சு லீவு போட்டால் யாரை அழைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் காலையில் வார்டு சுற்ற வேண்டும். ஓ.பி. பார்க்க வேண்டும். பிணவறை வாசலில் போலீஸ்காரர் காத்திருப்பார். கோர்ட்டில் சாட்சி சொல்லச் சம்மன் வந்திருக்கும். மருத்துவக் கழிவுக்கு 2016-ல் வந்த விதிப்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளின் பிக்மி பதிவு, காப்பீட்டு பைல், ஆடிட், கலெக்டர் ஆபீஸ் கூட்டம்... இதற்கு நடுவே ஆபரேஷன் தியேட்டர்.

சரி, வேலைதான் இவ்வளவு. அதிகாரம்?

டாக்டரையோ நர்சையோ அவர் நியமிக்க முடியாது. அதற்கு 2012-ல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இருக்கிறது. மாறுதல் கவுன்சிலிங்கில் நடக்கும். காலியிடம் விழுந்தால் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். துப்புரவும் காவலும் கான்ட்ராக்ட். தரை அழுக்காக இருந்தால் திட்டு வாங்குவது தலைமை டாக்டர். ஆளை மாற்றுவது கம்பெனி!

எந்த மளிகைக் கடை முதலாளியாவது இப்படிக் கடை நடத்துவாரா?

மருந்துக் கணக்கு

மருந்து ஏற்பாட்டை மட்டும் நாம் குறை சொல்ல மாட்டோம். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுதுக்கும் மொத்தமாக வாங்குகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்கு மாதிரி ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்கு மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வெளி மாநிலத்தார் வந்து பார்த்துப் போன ஏற்பாடு இது.

ஆனால் எது எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும் அல்லவா? பட்டு வியாபாரிக்கு இது நன்றாகப் புரியும். தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் எத்தனை சேலை போகும் என்று மாதக்கணக்கில் முன்பே பாவு போடச் சொல்கிறார். மழைக்காலக் காய்ச்சலுக்கும் அப்படித்தான் கணக்கு வேண்டும். நோயாளி பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் போடுகிற கணக்கு எப்படி இருக்கும்?

ஒரே உடம்பு, மூன்று இலாகா

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநர் கையில். தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவப் பணிகள் இயக்குநர் கையில். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்குநர் கையில். நோயாளியின் உடம்பு ஒன்றுதான். போகும் வழியில் மூன்று இலாகா.

ஆரணியில் முடியாத கேஸ் எங்கே போகும்? மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி செய்யாறில். மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம் வேலூர் அடுக்கம்பாறையில், இன்னொரு பக்கம் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளித் திருவண்ணாமலையில். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, வண்டி வந்துவிடும். போகிற இடத்தில் கட்டில் இருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புவது யார் வேலை? யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் வேலை!

பிரியாணி சாப்பிட்ட நாள்

2021 செப்டம்பரை ஆரணி மறந்திருக்காது. ஓர் ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டவர்கள் 20 பேருக்கு மேல் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். 10 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தே போனாள். ஓட்டலுக்குச் சீல் வைத்தார்கள்.

ஓட்டல்காரர் சங்கதி கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். நாம் சொல்ல வருவது வேறு. ஒரே நேரத்தில் இத்தனை பேர் வந்து விழுந்தால் சலைன் பாட்டில் எங்கே இருக்கிறது, லீவில் உள்ள நர்சை யார் அழைப்பது, எந்த வார்டைக் காலி செய்வது, வாசலில் அழுகிற பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? இதெல்லாம் முன்பே எழுதி வைத்து ஒத்திகை பார்க்க வேண்டியவை. ஊசி போடுகிற கை இதையும் செய்ய முடியாது.

நெருப்பும் அப்படித்தான். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து, லிப்டில் சிக்கியவர்கள் உட்பட 6 பேர் செத்தார்கள். ஆக, தனியார் நர்சிங்ஹோம் நடத்துகிறவருக்கும் தலைவலி குறைவில்லை. அவருக்குக் காப்பீட்டுப் பணம் எப்போது வரும் என்ற கவலை கூடுதல்.

கத்தி ஏன் வந்தது?

2024 நவம்பர் 13-ல் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில், புற்றுநோய் நோயாளி ஒருவரின் மகன் டாக்டரையே கத்தியால் குத்தினான். மன்னிக்க முடியாத காரியம். ஆஸ்பத்திரியில் கை வைத்தால் ஜெயில் என்று 2008-லேயே இங்கே சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் அடிதடி நிற்கவில்லை.

காவலுக்கு இன்னும் நாலு பேரைப் போடலாம், போட வேண்டியதுதான். ஆனால் வார்டுக்கு வெளியே எட்டு மணி நேரம் நிற்கிற சொந்தக்காரனிடம் "உங்க அப்பாவுக்கு இதுதான் நடக்குது, இனி இப்படிச் செய்யப் போறோம்" என்று உட்கார வைத்துச் சொல்ல ஓர் ஆளைப் போட்டிருக்கிறோமா? பஸ் ஸ்டாண்டில்கூட விசாரணைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது.

நெசவாளிக்கு என்ன?

2005-ல் கைத்தறிக்காரர்களுக்கென்று மத்திய அரசு ஒரு காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு வருஷம் 15,000 ரூபாய். அதில் பாதி, 7,500 ரூபாய், படுக்காமலே வெளியில் பார்க்கும் வைத்தியத்துக்கு. தொகை சின்னதுதான். ஆனால் தறிக்காரன் வலியைத் தெரிந்தவர் யாரோ எழுதிய திட்டம். அந்தத் திட்டம் இன்று இல்லை.

2012-ல் வந்த முதலமைச்சர் காப்பீடு பெரிய காரியம். வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதய ஆபரேஷனுக்கு ஆகும். மாசா மாசம் வருகிற முழங்கால் வலிக்கு ஆகாது. ஆகவே நெசவாளி திரும்பவும் அந்தக் காலைக் கியூவுக்குத்தான் வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல வேலை. கியூ கொஞ்சம் சுருங்கும்.

மதுரையைப் பாருங்கள்

1976-ல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 கட்டிலோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு! அங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் ஆபரேஷன் செய்யட்டும்; மற்ற வேலையை அதற்கென்று பழகியவர்கள் பார்க்கட்டும். ஒரு டாக்டர் முடிப்பதற்குள் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். இலவசமாக லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுக்க முடிந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1992-ல் ஆஸ்பத்திரி நடத்தச் சொல்லிக் கொடுக்கவே லைக்கோ என்று ஒரு நிலையம் வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறார்கள்.

தனியார் அறக்கட்டளை செய்ததை அரசு அப்படியே செய்ய முடியாது என்பார்கள். வாஸ்தவம்தான். அரவிந்த் பார்ப்பது கண்ணை மட்டும். தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பாம்புக்கடியும் வரும், பிரசவமும் வரும், பஸ் விபத்தும் வரும். அதனால்தான் அங்கே மானேஜர் இன்னும் அவசியம் என்கிறோம்.

தரம் பார்க்க மாவட்ட அளவில் சிலரைப் போட்டிருக்கிறார்கள். போதாது. தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் தலைமை டாக்டருக்குக் கீழே, நிர்வாகம் படித்த ஒருவர் முழுநேரமும் உட்கார வேண்டும். மோட்டார், டீசல், கான்ட்ராக்ட், கட்டில், காப்பீடு, போன், சொந்தக்காரர் எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளத்துக்குப் பணம் எங்கே என்று கேட்டால், ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் பைல் எழுதுகிற நேரத்துக்கு ஆகிற சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள்.

அப்படி ஒருவர் ஆரணிக்கு வந்தால், முதல் வேலையாக வாரத்தில் இரண்டு நாள் இரவு 8 மணி வரை ஓ.பி. வைத்துப் பார்க்கட்டும். தறியை விட்டு இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வந்து சேரும் நேரம் அது. ஒரு மாதம் நடக்கட்டும். கூட்டம் வந்ததா இல்லையா என்று ரிஜிஸ்தரைப் புரட்டினால் தெரிந்துவிடும்.