'சரியாகிடுச்சு, நன்றி!' - அப்புறம்?

இரவு மணி ஒன்றரை. காலையில் புராஜெக்ட் டெமோ. மாணவன் ஒருவனின் லினக்ஸ் சர்வரில் திடீரென்று ஒரு கோப்பைக்கூட சேமிக்க முடியவில்லை. டிஸ்கில் இடமில்லை என்று ஒரு எரர். ஆனால் டிஸ்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி! எரரை அப்படியே காப்பி செய்து கூகிளில் போடுகிறான். ஆஹா, கிடைத்துவிட்டது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஏழு வருடத்துக்கு முன்னால், அச்சு அசலாக இதே பிரச்சினையோடு ஒருவர் புலம்பியிருக்கிறார். மூன்று பேர் பதில் சொல்ல முயன்றிருக்கிறார்கள். கடைசியில் புலம்பியவரே வந்து ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "சரியாகிடுச்சு, நன்றி!"

எப்படிச் சரியானது? அதை மட்டும் சொல்லவில்லை.

லினக்ஸ் பக்கம் ஒரு மாதம் குப்பை கொட்டிய யாருக்கும் இந்த எரிச்சல் புதிதல்ல. எக்ஸ்கேசிடி என்ற இணையக் கேலிச்சித்திரத் தொடரில் இதற்கென்றே 2011-ல் ஒரு சித்திரம் வந்தது. அவ்வளவு பொதுவான துக்கம் இது :-)

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு உதவி கிடைப்பதில்லை, கேட்டால் மதிப்பதில்லை என்று குறை சொல்பவர்கள் நிறைய. அந்தக் குறையில் உண்மையும் இருக்கிறது. ஆனால் உதவி கிடைத்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்களா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எது இலவசம்?

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைத் தள்ளி வைக்கவேண்டும். மென்பொருள் இலவசம் என்பதால் உதவியும் இலவசமாக வந்தாகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி யாருக்கும் எந்தக் கட்டாயமும் கிடையாது. லினக்ஸ் கெர்னல் வெளியாவது ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில். 1991-ல் எழுதப்பட்ட அந்த உரிமமே, இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று கொட்டை எழுத்தில் சொல்லிவிடுகிறது.

உதவிக்கு என்ன மதிப்பு என்று தெரியவேண்டுமானால் ரெட் ஹேட் நிறுவனத்தைப் பார்க்கலாம். 1993-ல் தொடங்கிய கம்பெனி. அது தரும் மென்பொருளின் மூல நிரல் ஓப்பன் சோர்ஸ்தான். வாடிக்கையாளர்கள் சந்தா கட்டுவது பராமரிப்புக்கும், அவசரத்துக்குக் கூப்பிட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பதற்கும். அந்த நிறுவனத்தை ஐபிஎம் 2019-ல் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கி முடித்தது. அதாவது, நடுராத்திரியில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து ஒரு மாணவனின் சர்வர் பிரச்சினைக்குப் பதில் எழுதுகிறார் என்றால், சந்தையில் நல்ல விலை போகும் ஒரு பொருளைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

சும்மா வாங்குகிறவர் அந்த நேரத்தை வீணடிக்காமலாவது இருக்கவேண்டும் அல்லவா?

கேள்வியிலேயே பாதி பதில்

ஹாஸ்டல்களில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது.

"அண்ணா, லேப்டாப்ல உபுண்டு போட்டேன். வைஃபை வரல."

"என்ன சிப்புடா அது?"

"தெரியலண்ணா. டெல் லேப்டாப். கொஞ்சம் அவசரம்ணா."

ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு வேறு கம்பெனிகளின் வைஃபை சிப் இருக்கக்கூடும். சில சிப்புகளுக்கு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பிராட்காம் சிப்புகள் சிலவற்றுக்குத் தனியாக டிரைவரோ ஃபர்ம்வேரோ போட்டாகவேண்டும். எல்எஸ்பிசிஐ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஓட்டினால் எந்தச் சிப் என்பது ஒரே வரியில் வந்துவிடும். அந்த ஒரு வரியைக் கேள்வியோடு சேர்த்துக் கொடுத்தால் பதில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். கொடுக்காவிட்டால் ஐந்து நாள் ஜோசியம்தான். 'அவசரம்' என்ற சொல்லை வைத்துச் சிப்பைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

முதலில் சொன்ன டிஸ்க் பிரச்சினையை எடுத்துக்கொள்ளலாம். இடமில்லை என்ற அந்த ஒரே எரருக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, நிஜமாகவே இடம் தீர்ந்திருக்கலாம். வேறு பார்ட்டிஷனைப் பார்த்துவிட்டு 'காலியாகத்தானே இருக்கிறது' என்று நினைத்திருப்பான்.

இரண்டு, ஐநோட் தீர்ந்திருக்கலாம். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோட் வேண்டும். மொத்தம் எத்தனை ஐநோட் என்பது டிஸ்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி செஷன் கோப்புகள் குவிந்துவிட்டால், ஜிகாபைட் கணக்கில் இடமிருந்தும் புதிதாக ஒரு கோப்பைக்கூட உருவாக்க முடியாது. டிஎஃப் கட்டளையோடு ஐ என்ற ஆப்ஷனைச் சேர்த்துப் பார்த்தால் 100% என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதுதான் ரொம்ப வேடிக்கை. பெரிய லாக் கோப்பு ஒன்றை அழித்திருப்பான். ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிரல் கோப்பை மூடும்வரை டிஸ்கில் இடம் விடுபடாது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளை 'காலி' என்னும், டிஎஃப் கட்டளை 'நிரம்பிவிட்டது' என்னும். அந்த நிரலை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ஆக, "பாதிக்கு மேல் காலி" என்று சொன்னால் போதாது. எந்தக் கட்டளை அப்படிச் சொன்னது, அதன் வெளியீடு என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, என்ன செய்யப்போய் இது வந்தது, எரரின் வாசகம் எழுத்து மாறாமல், லாகில் கடைசிச் சில வரிகள், கடைசியாக எதை மாற்றினார்கள், இதுவரை என்னென்ன முயன்றார்கள். இவ்வளவும் எழுத பதினைந்து நிமிடம் ஆகும். இதில் ஒரு ரகசியம்: இப்படி ஒழுங்காக எழுத உட்கார்ந்தால், பாதி நேரம் கேள்வியை அனுப்பும் முன்பே பதில் தெரிந்துவிடும்!

கேள்வி கேட்பது அசிங்கம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1991 ஜூலை 3-ம் தேதி ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், போசிக்ஸ் தர வரையறை எங்கே கிடைக்கும் என்று மினிக்ஸ் பயனர்கள் கூடும் இடத்தில் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்பதையும் ஒரு வரியில் சொன்னார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 25-ல், தான் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி அதே இடத்தில் அறிவித்தார். மினிக்ஸில் எதெல்லாம் பிடிக்கும், எது பிடிக்காது என்று அந்த அறிவிப்பிலும் கேள்விதான் கேட்டார்.

பதில் சொல்பவர்களும் யோக்கியமில்லை

மறுபக்கத்தையும் பேசவேண்டும். "மேனுவலைப் படிடா" என்று கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லும் பழக்கம் இந்த உலகில் பல காலமாக உண்டு. மேனுவலைப் படிக்கத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எந்த மேனுவல், எந்தப் பகுதி என்று சொல்ல இன்னும் பத்து வினாடி ஆகுமா?

எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் கேள்விகளைப் புத்திசாலித்தனமாகக் கேட்பது எப்படி என்று 2001-ல் எழுதிய கையேடு மிகப் பிரபலம். புதியவர்களின் முகத்தில் அடிப்பதற்கே அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பதில் சொல்பவர்கள் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்றும் அதே கையேட்டில் ஒரு பகுதி இருக்கிறது. அதுவரை படித்தவர்கள் குறைவு போலும்.

லினஸே இதில் உதாரணம்தான், இருவிதமாகவும். கடுமையான மடல்களுக்குப் பேர்போன அவர், 2018 செப்டம்பரில் தன் பேச்சுக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். கெர்னல் குழுவும் அப்போது ஒரு நடத்தை விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அவரே மாறலாம் என்றால், கல்லூரி லேபில் ரூட் பாஸ்வேர்டு தெரிந்த சீனியர் மாறக்கூடாதா?

திட்டுவதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அரைகுறை பதில். பெர்மிஷன் எரர் என்றதும் "எல்லாத்துக்கும் 777 போட்டுடு" என்பார்கள். 777 என்றால் அந்த சர்வரில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பைப் படிக்கலாம், மாற்றலாம், ஓட்டலாம். அதைத் தெரியாமல் ரூட் அடைவிலிருந்தே போட்டுவிட்டால் கதை கந்தல். தன் அமைப்புக் கோப்பை எவரும் திருத்தலாம் என்ற நிலையில் சூடோ வேலை செய்ய மறுக்கும். சாவிக் கோப்புகள் எல்லாருக்கும் திறந்திருந்தால் எஸ்எஸ்ஹெச் அவற்றை ஏற்காது. பெரும்பாலும் மொத்தமாக மறுபடி நிறுவுவதுதான் வழி. ஒரு நிமிடத்தில் சொன்ன பதிலுக்கு ஒரு வாரம் தண்டனை.

பொறுமையின்மைக்குக் கொடுத்த விலை

இதெல்லாம் வெறும் மரியாதை விவகாரம் என்று நினைப்பவர்கள் எக்ஸ்இசட் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பல வருடமாகப் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர். 2022-ல் சிலர் அவரை நச்சரிக்க ஆரம்பித்தார்கள்: ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கவேண்டியதுதானே என்று. இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் நினைவூட்டினார். கேட்பாரில்லை. கடைசியில், பொறுமையாக உதவி செய்துவந்த 'ஜியா டான்' என்ற பெயருக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர்தான் 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை ஒளித்துவைத்தார். நச்சரித்த கணக்குகளும் போலி என்றே பலரும் சந்தேகிக்கிறார்கள்.

அது எப்படிப் பிடிபட்டது? போஸ்ட்கிரஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவருக்கு எஸ்எஸ்ஹெச் லாகின் அரை வினாடி தாமதமாவது உறுத்தியது. விடாமல் நோண்டினார். கண்டுபிடித்ததோடு நிற்காமல், எப்படிக் கண்டுபிடித்தார், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதி 2024 மார்ச் 29 அன்று பொதுவில் வைத்தார். அவரும் பழைய பதிப்புக்கு மாறிவிட்டு "சரியாகிடுச்சு" என்று போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்தாலே பகீர் என்கிறது.

போலிகள் அப்படி நச்சரித்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஏனென்றால் நிஜப் பயனர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதுதான் வெட்கப்படவேண்டிய இடம்.

இப்போது எல்லாம் பெட்டிக்குள்ளே

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு கேட்கும் இடமே மாறிவிட்டது. திட்டாது, இரவு ஒன்றரைக்கும் பதில் சொல்லும். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்படும் மாணவன் தமிழிலேயே கேட்கலாம். இது உண்மையான நன்மை. சில சமயம் இல்லாத ஆப்ஷனை இருப்பதாக அடித்துச் சொல்லும் என்பதும் உண்மை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2022 டிசம்பரிலேயே அதன் பதில்களைத் தடை செய்தது. அதற்குப் பிறகு அங்கே வரும் கேள்விகளும் வெகுவாகக் குறைந்துவிட்டன.

ஆனால் பெரிய இழப்பு வேறு. பெட்டிக்குள் கேட்ட கேள்வியும் பெட்டிக்குள் கிடைத்த பதிலும் அடுத்தவன் கண்ணில் படுவதே இல்லை. அந்தப் பெட்டிக்கே பாடம் கற்றுக்கொடுத்தது, முன்பு ஆயிரக்கணக்கானோர் பொதுவில் எழுதிவைத்த பதில்கள்தான். "சரியாகிடுச்சு, நன்றி" என்ற ஒரு வரியாவது அன்று மிஞ்சியது. இன்று அதுவும் மிஞ்சுவதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரித் தண்ணீரில் விவசாயம் செய்கிறவர்களே சேர்ந்து ஏரியைத் தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது. தண்ணீருக்கு விலை இல்லை, உழைப்பு உண்டு. அந்த வழக்கம் நின்றுபோன ஊர்களில் ஏரி மேடாகிப்போனது.

திறமூல உலகில் தூர்வாருவது என்றால் பெரிய நிரல் எழுதுவதல்ல. பிரச்சினை தீர்ந்ததும் எரர் இது, காரணம் இது, தீர்த்த வழி இது என்று மூன்று வரி பொதுவில் எழுதுவது. சாட்ஜிபிடி சொன்னதாக இருந்தாலும், செய்து பார்த்து வேலை செய்தால் எழுதுவது. தமிழில் எழுதினால் இன்னும் விசேஷம். 2012-லிருந்து கணியம் இதழ் இதைத்தான் செய்துவருகிறது. அதைப் படித்து லினக்ஸ் கற்றுக்கொண்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதினாலே போதும்.

அந்த ஒன்றரை மணி மாணவனுக்கு வருவோம். ஐநோட்தான் தீர்ந்திருந்தது. பழைய செஷன் கோப்புகளை அழித்தான், மூன்று மணிக்கு சர்வர் எழுந்தது, டெமோவும் முடிந்தது. இப்போது அவன் முன்னால் இரண்டு வழி. தூங்கப் போகலாம். அல்லது மூன்று வரி எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஏழு வருடம் கழித்து, இன்னொரு ஊரில், இன்னொரு ஒன்றரை மணிக்கு யாரோ ஒருவன் தேடப்போகிறான். அவனுக்கு என்ன கிடைக்கவேண்டும்?