பழைய இரும்புக் கடையிற் கிடக்கும் பின் அச்சு

டொலர் தட்டுப்படும்போதெல்லாம் இலங்கையில் பழைய இரும்புக் கடைகளுக்கு மதிப்பு ஏறிவிடும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இதனைக் கண்டோம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. பழைய கார்களின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீங்கியபோதிலும், வரியும் விலையும் சேர்ந்து புதிய வாகனத்தைச் சாமானியர்க்கு எட்டாத உயரத்தில் வைத்துள்ளன. இருக்கும் வாகனத்தை ஓட்டிக்கொண்டிருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இந்த நிர்ப்பந்தம் ஊவா மாகாணத்தில் மிகக் கடுமையானது. மலையகப் புகையிரதப் பாதை 1924இல் பதுளையை அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பாலுள்ள மொனராகலை மாவட்டம், பரப்பளவில் நாட்டின் இரண்டாவது பெரிய மாவட்டமாயினும், தண்டவாளத்தைக் கண்டதில்லை. இறப்பர்த் தோட்டத்து மக்கள் வைத்தியசாலைக்குச் செல்வதற்கும், பெல்வத்தை, செவனகலை ஆலைகளுக்குக் கரும்பு போய்ச் சேர்வதற்கும் வீதியே கதி. மொனராகலை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பசறை வழியாகப் பதுளைக்குச் செல்லும் வாகனம் வளைந்து வளைந்து மலையேற வேண்டும். ஏற்றத்தில் இழுப்பதும் பின் அச்சு. இறக்கத்தில் பின்சில்லுகளின் பிரேக்கைத் தாங்கி நிற்பதும் பின் அச்சு.

அண்மையில் மொனராகலை சென்றிருந்தபோது ஒரு கராஜில் சில மணி நேரம் அமர்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர் தமது 948 சிசி மொரிஸ் மைனருக்குப் பின் அச்சு தேடி வந்திருந்தார். கராஜின் பின்புறத்தில், புல் முளைத்த கிடங்கில், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கார் கட்டைகளின் மேல் கிடந்தது. 1948இல் பிரித்தானியாவில் பிறந்து, 16 இலட்சம் வரை தயாரிக்கப்பட்ட கார் இது. அதன் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று. எனினும் 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்துக்காக இலங்கையிலேயே உதிரிப்பாகங்கள் செய்து அனுப்பப்பட்டன என்றால், இக்காரின் மீது நம்மவர்க்கிருந்த தேர்ச்சியை வாசகர்கள் உணரலாம்.

கராஜ்காரர் உடனே கழற்றத் தொடங்கவில்லை. பின்சில்லுகள் இரண்டையும் தரையிலிருந்து உயர்த்தி, ஒன்றை உதவியாளரைக் கொண்டு பிடிக்கச் செய்தார். மற்றச் சில்லை இரண்டு முறை முழுமையாகச் சுற்றி, நடுத்தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினார். நான்கு சுற்றுக்கு மேல் கால் சுற்று கூட நிறையவில்லை. பிறகு சொன்னார்:

“ஐயா, இது பெரிய என்ஜின் காரோட அக்சில். மட்டமான ரோட்டுல நல்லா ஓடும். ஆனா பசறை ஏத்தத்துல உங்க வண்டிக்கு மூச்சு வாங்கும்.”

அவர் சொன்னது கணக்குப்படி சரி. 1098 சிசி இயந்திரம் கொண்ட மொரிஸ் மைனரின் பின் அச்சு விகிதம் 4.22. 948 சிசி காரின் விகிதம் 4.55. மாற்றிப் பொருத்தினால் சில்லுக்குக் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். வேகமானியும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஏட்டில் உள்ள இந்த இலக்கங்களை அம்மனிதர் ஒரு சோக்குக் கோட்டையும் இரண்டு கைகளையும் கொண்டு கண்டறிந்தார்.

கணக்கப்பிள்ளை ஐயா அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. “தம்பி, இந்தக் கார் எப்படிச் செத்துச்சு?” என்று அவர் கேட்டார். கராஜ்காரருக்கு விடை தெரியவில்லை. கை மாறிக் கை மாறி வந்த கார் அது.

அக்கேள்வியின் கனத்தை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1842 மே 8ஆம் நாள், பிரான்சின் வெர்சேய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த புகையிரதத்தின் இயந்திர அச்சு முறிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நன்றாக இருந்த இரும்பு ஏன் முறிந்தது என்ற ஆராய்ச்சி அதன் பின்னரே வேகம் பெற்றது. ஜெர்மனியரான ஓகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை இலட்சக்கணக்கான முறை சுழற்றிப் பார்த்தார். ஒரே தடவையில் முறிக்கும் பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமும், மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் அச்சை முறித்துவிடும் என்று நிறுவினார். இரும்புக்கும் களைப்பு உண்டு. அக்களைப்பு வெளியே தெரியாது. துருவைச் சுரண்டிக் கறுப்பு வண்ணம் பூசிவிட்டால், ஐம்பது ஆண்டுகள் உழைத்த அச்சும் புதியது போல் மின்னும்.

ஆகவே பழைய அச்சின் வரலாறு அதன் தோற்றத்தைவிட முக்கியமானது. இயந்திரம் பழுதாகி ஓய்ந்த காரின் அச்சு நல்லதாக இருக்கலாம். பின்சில்லில் அடிபட்டு ஓய்ந்த காரின் அச்சு வளைந்திருக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய காரின் அச்சுக்குள் நீர் புகுந்து பெயாரிங்கை அரித்திருக்கலாம். வரலாறு தெரியாதபோது பரிசோதனை ஒன்றே துணை. வடித்த ஒயிலில் இரும்புத் துகள் உண்டா, பற்சக்கரங்கள் சூடேறி நீலம் பாய்ந்துள்ளனவா, உள்தண்டின் வரிப்பற்கள் முறுக்கேறியுள்ளனவா, ஸ்பிரிங் அமரும் தட்டில் துரு துளைத்துள்ளதா, உறையில் முன்பே ஒட்டுப்போட்ட தழும்பு உண்டா என்று பார்க்க வேண்டும். உள்தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சோக்குத் தூளைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்து எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். பழைய புகையிரதப் பட்டறைகள் கையாண்ட முறை இது. செலவு மிகச் சொற்பம். இவற்றில் தேறிய அச்சுக்கும் ஒயில் சீல், பெயாரிங், பிரேக் கட்டைகள், யூ போல்ட் ஆகியவற்றைப் புதிதாக இட வேண்டும். துருவேறிய போல்ட்டைக் கழற்றக் காஸ் விளக்கால் சுடுவோர் ஸ்பிரிங்கின் உறுதியையும் சேர்த்தே அழித்துவிடுகின்றனர்.

இத்தனையையும் இன்று யார் செய்கிறார்? மனச்சாட்சி உள்ள கராஜ்காரர் செய்கிறார், மற்றவர் செய்வதில்லை. அரசு செய்விப்பதும் இல்லை. கார் உரிமையாளர் வருமான அனுமதிப்பத்திரம் பெற ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற ஏற்பாடு 2008இல் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் காருக்குப் புகைக்குழாயின் முனையோடு பரிசோதனை முடிந்துவிடுகிறது. அச்சையும் பிரேக்கையும் எவரும் கேட்பதில்லை.

பழைய பாகங்களையே தடைசெய்துவிடலாமே என்பார் உண்டு. ஊவாவின் வீதிகளில் நடந்த பெரும் விபத்துகளின் பின்னர் இக்குரல் உரத்து ஒலிக்கும். 2021 மார்ச் 20இல் பசறைக்கு அருகே 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து கொழும்பு சென்ற பேருந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 2025 செப்டெம்பர் 4இல் எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பேருந்து வீழ்ந்து 15 பேர் மாண்டனர். இவற்றுக்குப் பழைய பாகமே காரணம் என்று நான் கூற வரவில்லை. இவ்வீதிகள் தவறை மன்னிப்பதில்லை என்பதற்காகவே நினைவூட்டுகிறேன். தடையால் பயன் விளையாது. வியாபாரம் பின்வாசலுக்குப் போகும், விலை ஏறும், முறிந்த அச்சை ஒட்டுப்போட்டு ஓட்டுவோர் பெருகுவர். ஏழையின் வாகனம்தான் முதலில் நிற்கும்.

வேறு நாடுகள் நடுவழி கண்டுள்ளன. ஜப்பான் 2002இல் இயற்றி 2005இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தின்படி, ஆயுள் முடிந்த வாகனம் பதிவு பெற்றவரிடமே செல்ல வேண்டும். அதன் ஒவ்வொரு கட்டமும் பதிவாகும். இந்தியாவும் 2021இல் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகளை வகுத்தது.

இலங்கைக்கு அத்தனை பெரிய ஏற்பாடு உடனே இயலாது. மூன்று காரியங்கள் இயலும். முதலாவது, பஞ்சிகாவத்தையானாலும் மொனராகலையானாலும், அச்சு, சுக்கான், பிரேக் ஆகிய உயிர்காக்கும் பாகங்களை விற்பவர், எந்த இலக்க வாகனத்திலிருந்து, அது எக்காரணத்தால் ஓய்ந்தபின் எடுத்தார் என்று பற்றுச்சீட்டில் எழுத வேண்டும். இரண்டாவது, மாவட்டத்துக்கு ஓரிடத்திலேனும் குறைந்த கட்டணத்தில் வெடிப்புப் பரிசோதனை செய்ய வசதி வேண்டும். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் மூலையே இதற்குப் போதும். மூன்றாவது, அனுபவத்தால் தேர்ந்த கராஜ்காரர்களுக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் அவர்களுடைய மொழியில், அவர்களுடைய ஊரிலேயே கிடைக்க வேண்டும். அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறை ஏற்கெனவே உள்ளது. அதைத் தோட்டப்புறத்துத் தமிழ் இளைஞரின் கராஜ் வரைக்கும் கொண்டுசெல்வதே எஞ்சியுள்ள வேலை.

இவற்றுக்கு டொலர் தேவையில்லை. ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகமும், சிறிது மண்ணெண்ணெயும், திணைக்களத்தில் ஒருவர் மனம் வைப்பதும் போதும். “இந்தக் கார் எப்படிச் செத்துச்சு?” என்று ஒரு முதியவர் கேட்டால், அதற்கு எழுத்தில் ஒரு விடை கிடைக்க வேண்டும். மலையேறும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த உரிமை உண்டு.